வாடகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், ஒரு மாத வாடகையை விட்டுத்தரச் சொல்லுங்கள்

நகரின் வணிக மையத்தில் பெரிய அடுக்குமாடியில் வீடு பார்த்தால், மாத வாடகையில் பேரம் பேசாமல் முதல் மாதத்தை வாடகையில்லாமல் கேளுங்கள். மொத்தக் கட்டடமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், அதன் மதிப்பும் வங்கிக் கடனும் பெரும்பாலும் வாடகைத் தொகையை வைத்தே கணக்கிடப்படும். அதைத் தொட அவர்களுக்கு மனம் வராது. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் அதே நஷ்டம்தான் என்பதால் ஒரு மாதத்தை விட்டுத்தர இறங்கி வருவார்கள். 12 மாத ஒப்பந்தத்தில் உங்களுக்குச் சுமார் 8 சதவீதம் மிச்சம். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

தனி ஒருவரின் வீடு என்றால் நேராக வாடகையையே குறைக்கக் கேட்கலாம். நாலைந்து வருடம் இருக்கப் போகிறவர்களுக்கும் இந்த ஒரு மாதச் சலுகை சரிவராது. புதுப்பிக்கும்போது உயர்வு முழு வாடகையின் மேல்தான் ஏறும்.