தொரை ஓட்டிய கார் என்றால் முதலில் நம்பரைப் பாருங்கள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பழைய ரோட்ஸ்டர் (கூரை திறந்த இரட்டை இருக்கைக் கார்) ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும்: வெள்ளைக்காரத் தோட்டத் தொரை புதிதாக இறக்கியது, பிறகு ஒரே வீட்டில்தான் இருந்தது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விலையை ஏற்றுவதே அந்தக் கதைதான். பெயின்டின் பளபளப்பில் மயங்குமுன் அதைச் சோதித்துவிடுங்கள்.

ஜாகுவார் எக்ஸ்கே 120ஐ எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமாகி 1954 வரை ஏறக்குறைய 12,000 வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள திறந்த வண்டி பத்தில் ஒன்றுதான். அதன் செசி (அடிச்சட்டம்) நம்பர் 660 என்று தொடங்கும். 670 என்று தொடங்கினால் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்து, பிறகு மாற்றப்பட்ட வண்டி. இலங்கைக்குப் புதிதாக வந்தது என்ற பேச்சு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும்.

செசி நம்பர் இடப்பக்கச் சட்டத்தில், ஃப்ளைவீல் உறைக்கு நேரே பொறித்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். அரத்தாளைத் தொட விடாதீர்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கிரைண்டர் கோடுகளும், பழைய எழுத்தின் மேல் அடித்த புதிய எழுத்தும் நிழலாகத் தெரியும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கின் வலப்பக்கம், ஒயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும். டபிள்யூ எழுத்திலோ, பிந்தைய வண்டிகளில் எஃப் எழுத்திலோ தொடங்கும். சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே நம்பர் உண்டு. ஹெட் மட்டும் மாறியிருந்தால் பெரிய குறையில்லை. பிளாக் மாறியிருந்தால் விலை இறங்கியே ஆகவேண்டும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உதிரிப்பாகம் கிடைக்காமல், கையில் அகப்பட்ட எஞ்சினைப் பூட்டி ஓட்டிய கார்கள் இங்கே ஏராளம்.

இனி நம்பர் பிளேட். நடுவில் 'ஸ்ரீ' எழுத்துள்ள இலக்கங்கள் 1950களின் பிற்பாதியில்தான் வந்தன. அதற்கு முன்பு இலங்கையில் பதிவான எக்ஸ்கே 120இல் சீ வை, ஈ எல் போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். 'ஸ்ரீ' இருந்தால் பின்னாளில் இறக்கியதா, வேறொரு காரின் இலக்கத்தை வாங்கிக்கொண்டதா என்று கேளுங்கள். பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் பொக்கிஷம்: உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். 1975இல் ஸ்டேர்லிங் கம்பனி எனப்பட்ட பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தை ஒட்டி ஒரு கைமாற்றம் இருந்தால் தொரை கதைக்குக் கொஞ்சம் பலம் சேரும். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் செசி, எஞ்சின், பொடி நம்பர்கள், முதல் நிறம், தயாரித்த திகதி, அனுப்பப்பட்ட முகவர் எல்லாம் இருக்கும். முற்பணம் கொடுக்குமுன் விற்பவரையே அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், நான்கு கை மாறிய வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். பதிவில் உள்ளவர் இறந்திருந்தால் ஒரு மகனின் கையெழுத்து போதாது, சட்டத்தரணியிடம் போங்கள்.

பொடிக்கு ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்பு உடல் வண்டியிலும் கதவு, பொனட், டிக்கி மூடி அலுமினியம்தான். அங்கே ஒட்டாதது இயல்பு. மட்கார்டின் அடிப்பக்கத்தில் ஒட்டாவிட்டால் உள்ளே புட்டி பூசி ஒட்டையை மறைத்திருக்கிறார்கள். முழு உடலும் அலுமினியமானவை முதல் 242 வண்டிகள் வரைதான். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் தூணில் உள்ள மரம் உக்கியிருக்கலாம். இங்கத்தைய பனிக்கும் மழைக்கும் அது சீக்கிரம் போகும். வயர் வீலும் (கம்பிச் சக்கரம்) பின்சக்கரத்தை மறைக்கும் மட்கார்ட் மூடியும் சேர்ந்திருந்தால் திருத்தியவருக்கு வண்டியே தெரியாது: நடுத்திருகு வெளியே நீள்வதால் தொழிற்சாலை அந்த மூடியைப் பூட்டவில்லை.

ஓட்டிப் பார்க்க கிரகரி வாவியைச் சுற்றிக் காட்டுவார்கள், ஏற்காதீர்கள். ரம்பொடைப் பக்கம் இறங்குங்கள். டிரம் பிரேக் சூடாகி, மிதி கல்லாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் லைனிங் பிரச்சினை. மிதி தாழ்ந்தால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் ஒழுகும். ஒரு பக்கம் இழுத்தால் சக்கரச் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கொழும்பில் டியூன் செய்த எஸ்யூ கார்புரேட்டர் நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்துக்கு வந்தால் பெற்றோல் கூடிப்போய் பிளக் கறுக்கும். எஞ்சின் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு மேலே திருகி, புதுப் பிளக் போட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.