பி.இ. 9 என்றால் மலிவா? தங்கச் சுரங்கப் பங்கு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். டிபன் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்ததும் போனை நீட்டினான். "அக்கா, இந்த ஷேரைப் பாருங்க. வெளிநாட்டுத் தங்கச் சுரங்கக் கம்பெனி. பி.இ. வெறும் ஒன்பதுதான். நான் வச்சிருக்கிற சோப்புக் கம்பெனி ஐம்பதுக்குப் போகுது. இது கொள்ளை மலிவு இல்லையா?"

இந்தக் கேள்வியை இப்போது பலர் கேட்கிறார்கள். உஸ்மான் சாலைக் கடைகளில் சவரன் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு, செய்கூலியும் சேதாரமும் கொடுத்து நகை வாங்குவதைவிடத் தங்கம் தோண்டுகிற கம்பெனியிலேயே பங்கு வாங்கினால் என்ன என்று தோன்றுகிறது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் அமெரிக்கச் சந்தையில் வாங்கவும் வழி இருக்கிறது. யோசனையில் தவறில்லை. அந்த ஒன்பதை நம்பி வாங்குவதுதான் தவறு. ஆடிட் ஆபீசில் இருபது வருடமாக மற்றவர்களின் லாப நஷ்டக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால், லாபம் என்று எழுதியிருக்கும் வரியைக் கண்டாலே அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

பி.இ. என்பது எளிய கணக்கு. பங்கின் விலையை, ஒரு பங்குக்கு ஓராண்டில் கிடைத்த லாபத்தால் வகுக்க வேண்டும். 90 ரூபாய் பங்கு, 10 ரூபாய் லாபம் என்றால் 9. அதே லாபம் வந்துகொண்டே இருந்தால் போட்ட காசுக்கு ஈடான லாபம் ஒன்பது வருடத்தில் சேர்ந்துவிடும். "வந்துகொண்டே இருந்தால்" என்ற அந்த நிபந்தனையைச் சோப்புக் கம்பெனியில் ஓரளவு நம்பலாம். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் ஜனங்கள் குளிப்பார்கள். சுரங்கத்தில் அப்படி இல்லை.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

சுவரில் இருந்த தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். உலகச் சந்தையில் தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், நம் கணக்கில் நாலு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அவுன்ஸ் விலை 2,000 டாலர், அதை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற செலவு 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 500. வருடத்துக்கு ஒரு அவுன்ஸ் எடுக்கிற அந்தச் சுரங்கத்துக்குச் சந்தை 4,500 டாலர் மதிப்புக் கொடுத்தால் பி.இ. 9.

இப்போது தங்கம் 15 சதவீதம் இறங்குகிறது. விலை 1,700. தோண்டுகிற செலவு குறையாது. டீசல், மின்சாரம், சம்பளம் எல்லாம் அதேதான். லாபம் 200 ஆகிவிடுகிறது. பங்கு விலை அசையாமல் நின்றால்கூட பி.இ. 22.5. தங்கம் அதே 15 சதவீதம் ஏறியிருந்தால் லாபம் 800, பி.இ. ஆறுக்கும் கீழே. சுரங்கத்தில் ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் அதே பங்கு ஒரு நாள் விலை அதிகமாகவும் இன்னொரு நாள் அடிமாட்டு விலையாகவும் தெரிகிறது. தம்பி பார்த்த ஒன்பது, கடந்த பன்னிரண்டு மாதங்களில் தங்கம் என்ன விலைக்கு விற்றது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

அதனால் இந்தத் துறையில் பி.இ. தலைகீழாக வேலை செய்வதுண்டு. தங்கம் உச்சத்தில் இருக்கும்போது லாபம் பெருத்து, விகிதம் சிறுத்து, பங்கு மலிவாகத் தோன்றும். 2011 செப்டம்பரில் தங்கம் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு கனடாவின் பேரிக் கோல்டு ஏறக்குறைய 450 கோடி டாலர் லாபம் காட்டியது. பங்குக்கு சுமார் நாலரை டாலர். ஆண்டுக் கடைசியில் பங்கு விலை 45 டாலர் அளவில் இருந்தது. பி.இ. பத்து. "பத்துக்குக் கிடைக்கிறதே" என்று வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? 2013-இல் தங்கம் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அந்த ஒரே ஆண்டில் கம்பெனி ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதியது. 2015-இல் பங்கு 7 டாலருக்கும் கீழே போனது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015-இலும் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம்தான். நஷ்டம் என்றால் பி.இ. கணக்கே வராது, செயலியில் அந்த இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். பி.இ. பார்த்து மட்டும் வாங்குகிறவர் அந்தப் பங்கைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் 2016-இன் முதல் பாதியிலேயே அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. விகிதம் அழகாக இருந்தபோது வாங்கியவர் நஷ்டப்பட்டார். விகிதமே இல்லாதபோது வாங்கியவர் சம்பாதித்தார்.

அந்த லாபம் தோண்டி வந்ததா?

இரண்டாவது தவறு, லாபம் என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. இதற்கு அமெரிக்கத் தங்கச் சுரங்கக் கம்பெனியான நியூமான்டின் 2019 கணக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு நியூமான்டும் பேரிக்கும் நெவாடா மாநிலத்தில் இருந்த தங்கள் சுரங்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அப்படிச் சேர்த்தபோது சுரங்கங்களை மறுமதிப்பீடு செய்ததில் நியூமான்டுக்குச் சுமார் 240 கோடி டாலர் கணக்கு லாபம் வந்தது. தங்கம் விற்று வந்ததல்ல, ஏட்டில் வந்த லாபம். அதையும் சேர்த்தால் பங்குக்கு 3.81 டாலர். அதுபோன்ற ஒருமுறை வரவுகளை நீக்கி, கம்பெனியே திருத்திச் சொன்ன லாபம் 1.32 டாலர். அப்போது பங்கு விலை 43 டாலர் சுமார். முதல் எண்ணால் வகுத்தால் பி.இ. 11, இரண்டாவதால் வகுத்தால் 33. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, ஒரே விலை. போன் செயலிகள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

நஷ்டப் பக்கமும் இப்படியே. சுரங்கத்தின் மதிப்பைக் குறைத்து எழுதும் ஆண்டில் பெரிய நஷ்டம் தெரியும், ஆனால் அந்த ஆண்டில் கையிலிருந்து பணம் போயிருக்காது. பணம் போனது பல வருடங்களுக்கு முன்னால், அந்தச் சுரங்கத்தை வாங்கியபோதோ கட்டியபோதோ. எனவே கணக்கு லாபத்தைத் தள்ளி வைத்துவிட்டு ரொக்க வரவு அறிக்கையைப் பாருங்கள். சுரங்கம் தந்த பணத்தில் இயந்திரத்துக்கும் கட்டுமானத்துக்கும் போனது போக மிச்சம் என்ன என்று அங்கே தெரியும்.

கட்டுமானம் என்று சொல்லும்போது பாஸ்குவா லாமாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலி, அர்ஜென்டினா எல்லையில் ஆண்டிஸ் மலை உச்சியில் பேரிக் கட்ட ஆரம்பித்த சுரங்கம். 2009-இல் சுமார் 300 கோடி டாலர் ஆகும் என்றார்கள். 2012-இல் அதே மதிப்பீடு 800 கோடியைத் தாண்டியது. 2013-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் செலவெல்லாம் சொத்தாகத்தான் பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருந்தது. லாபத்தைத் தொடவில்லை, பி.இ.யில் தெரியவும் இல்லை.

தாத்தாவின் தங்கவயல்

இதுவரை சொன்னதெல்லாம் தம்பிக்குச் சட்டென்று புரிந்தது. அடுத்தது புரிய, எங்கள் தாத்தாவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்த பிறகு வளர்ந்த வயல் அது. ஆரம்பத்தில் மேலேயே வளமான பாறை கிடைத்தது. போகப் போகத் தங்கத்தைத் தேடிக் கீழே இறங்கினார்கள். கடைசியில் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. "கீழே பாறை நெருப்பா கொதிக்கும். காத்தைக் கீழே அனுப்பறதுக்கே தனியா ஒரு கம்பெனி வேணும்" என்று தாத்தா சொல்வார். ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே வந்தது, செலவு ஏறிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அன்றைக்குத் தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே.

சுரங்கம் தீர்ந்துபோகிற சொத்து. சோப்புக் கம்பெனி இன்று விற்ற சோப்பால் நாளைய சோப்பு குறையாது. சுரங்கம் இன்று விற்ற ஒவ்வொரு அவுன்ஸும் நாளைய இருப்பிலிருந்து போகிறது. பி.இ. 9, ஆனால் பூமிக்குள் ஆறு வருடத்துக்குத்தான் தங்கம் என்றால்? 90 ரூபாய் கொடுத்து, வருடம் 10 ரூபாயாக 60 ரூபாய் லாபம். அப்புறம் குழியை மூடி, கழிவு மண்ணைப் பாதுகாத்து, நிலத்தைச் சீராக்கும் செலவு வேறு. தங்கவயலில் அந்தச் சயனைடு மண்மேடுகள் இன்னும் ஊரின் நடுவே நிற்கின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் புழுதி வரும்.

கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். லாபம் என்பதே தேய்மானம், அதாவது சுரங்கம் வாங்கிய செலவில் அந்த வருடத்துப் பங்கு, கழித்த பிறகு வருவதுதானே, அந்தத் தேய்மானப் பணம் கையில் இருக்குமே? நல்ல கேள்வி. இருக்கும். ஆனால் அந்தத் தேய்மானம் பல வருடங்களுக்கு முன் சுரங்கம் வாங்கிய விலையில் போட்டது. தீர்ந்த அவுன்ஸுக்குப் பதிலாகப் புது அவுன்ஸ் தேடுவதும் வாங்குவதும் இன்றைய விலையில். தங்கம் ஏறின காலத்தில் தங்கச் சுரங்கமும் விலை ஏறித்தான் கிடைக்கும். புதுச் சுரங்கம் வாங்கப் புதுப் பங்குகள் வெளியிட்டால், மொத்த லாபம் கூடினாலும் பங்குக்குக் கிடைப்பது கூடாமல் போகலாம். இதை மறந்தால் பி.இ.யில் ஏமாறுவது நிச்சயம்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தங்கம் என்ற பெயர் இருப்பதால் நகைக்கடைக் கம்பெனி, தங்க நகைக் கடன் கம்பெனி, சுரங்கக் கம்பெனி மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து பி.இ. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதலாவது வியாபாரம், இரண்டாவது வட்டித் தொழில். சுரங்கத்துக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. ஃபிராங்கோ நெவாடா போன்ற ராயல்டி கம்பெனிகள் தோண்டுவதில்லை. தோண்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்து, பிற்பாடு உற்பத்தியில் பங்கு வாங்கிக்கொள்வார்கள். டீசல் விலை ஏறினால் அவர்களுக்கு நேரடியாக வலிக்காது, அதனால் பி.இ. எப்போதும் உயரம். அவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய செப்புச் சுரங்கத்தின் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்து, சுரங்கம் மூடப்பட்டபோது, அதில் முதலீடு செய்திருந்த ஃபிராங்கோ நெவாடா நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புக் குறைத்து எழுத வேண்டியிருந்தது. ஒரு சுரங்கப் பங்கின் பி.இ. மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தால், அந்தச் சுரங்கம் எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தங்கம் ஏறினால் சுரங்கத்துக்கு லாபம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்க விற்பனைக்கு வரம்பு கட்டியதும் விலை துள்ளியது. அதே நேரத்தில் கானாவின் அஷாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் திவால் விளிம்புக்கு வந்தது. வருங்காலத் தங்கத்தை முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விலை ஏற ஏற அந்த ஒப்பந்தங்களுக்கு ஈட்டுப்பணம் கட்டச் சொல்லி, ஒப்பந்தத்தின் மறுபக்கம் இருந்த வங்கிகள் நெருக்கின.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் ஏ.ஐ.எஸ்.சி. என்ற எண்ணைப் பார்ப்பேன். ஒரு அவுன்ஸ் எடுக்கத் தோண்டும் செலவோடு, சுரங்கத்தை ஓட்டிக்கொண்டிருக்கத் தேவையான இயந்திரச் செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்துச் சொல்வது. உலகத் தங்கக் கவுன்சில் 2013-இல் இதைக் கொண்டுவந்தது. வருமான வரி, வட்டி, புதுச் சுரங்கம் கட்டும் செலவு ஆகியவை இதில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணை இன்றைய தங்க விலையிலிருந்து கழித்து ஒரு முறை, விலை 20 சதவீதம் இறங்கினால் என்ன என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள். இரண்டாவது கணக்கில் லாபமே இல்லாமல் போனால், பி.இ. ஒன்பதோ ஐந்தோ, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அடுத்தது, பூமிக்குள் இருக்கும் தங்க இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்து எத்தனை வருடம் என்று பார்ப்பது. ஆராய்ச்சி அறிக்கைகளில் நிகரச் சொத்து மதிப்புக்கு எத்தனை மடங்கு விலை என்று ஒரு விகிதம் வரும். சுரங்கத்தின் ஆயுள் முழுவதும் வரக்கூடிய ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து போடும் கணக்கு அது. எந்தத் தங்க விலையை வைத்துப் போட்டார்கள் என்று தெரிந்தால், சுரங்கத்துக்கு அது பி.இ.யைவிடப் பொருத்தம்.

தம்பி ஆண்டறிக்கையை டவுன்லோட் செய்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது இருப்பு அட்டவணையில் இருந்தான். ஏழு வருடம் என்று காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தான். முந்தின ஆண்டு அறிக்கையில் ஆறாக இருந்தது, ஒரு வருடம் தோண்டிய பிறகு எப்படி ஏழாகும் என்று கேட்டான். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பைக் காட்டினேன். எந்தத் தங்க விலையில் லாபமாகத் தோண்ட முடியும் என்று வைத்துத்தான் இருப்பையே கணக்கிடுகிறார்கள். நியூமான்ட் 2020-இல் அதற்கு 1,200 டாலர் வைத்திருந்தது, 2024-இல் 1,700. விலையை ஏற்றி வைத்தால் நேற்று வெறும் பாறையாக இருந்தது இன்று இருப்பாகிவிடும். இருப்பு கூடினால் ஒரு அவுன்ஸுக்குக் கழிக்கும் தேய்மானம் குறையும், லாபம் ஏறும், பி.இ. இறங்கும்.

அவன் போனைப் பெரிதாக்கி அந்தக் குறிப்பைப் படித்தான். பிறகு முந்தின ஆண்டு அறிக்கையிலும் அதே இடத்தைத் தேட ஆரம்பித்தான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.