அதிகாரம் பற்றிய நூல்களை ஏமாறாமல் வாசிப்பது எப்படி?

ஆட்சி, போர், சட்டம், ஜனநாயகம் என எதைப் பற்றிய புத்தகமானாலும், எழுதியவருக்கு எதிரே யாரோ ஒருவர் இருந்திருப்பார். ஒருவரை மறுக்க, ஒருவரிடம் பதவி கேட்க, ஒரு வாக்கெடுப்பில் ஜெயிக்க என்று எழுதப்பட்டவைதான் இவற்றில் பாதிக்கு மேல். அந்தத் தகராறு என்னவென்று தெரியாமல் உள்ளே போனால், வக்கீலின் வாதத்தைத் தீர்ப்பு என்று எண்ணிக்கொண்டு வெளியே வருவோம்.

எனவே முதல் வேலை, தேதி பார்ப்பது. பதிப்பு விவரப் பக்கத்திலிருந்தும் முன்னுரையிலிருந்தும் மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு, யாரை மனதில் வைத்து எழுதியது. முதல் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த மாக்கியவெல்லி ‘இளவரசன்’ நூலை 1513-ல் எழுதினார். அது அச்சில் வந்தது 1532-ல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. 1512-ல் மெடிசி குடும்பம் ஃபுளோரன்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் அவருக்குப் பதவி போனது. அடுத்த ஆண்டே சிறையும் சித்திரவதையும். அந்த நூலை அதே குடும்பத்துக்குத்தான் காணிக்கையாக்கினார். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால், கொடுங்கோலர்களின் கையேடு என்று பெயர் வாங்கிய புத்தகம், வேலை போன அதிகாரியின் விண்ணப்பமாகவும் தெரியும்.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் விஷயம் இன்னும் சுவாரசியம். அரசாங்கம் பற்றிய அவருடைய இரு ஆய்வுரைகள் 1689 கடைசியில், ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தன. 1688-ல் இங்கிலாந்தில் நடந்த ஆட்சி மாற்றத்துக்கு நியாயம் கற்பிக்க எழுதியது என்றே வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். பெரும்பகுதி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது என்று 1960-ல் வந்த தன் பதிப்பில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் காட்டினார். நடந்து முடிந்த புரட்சிக்குச் சொல்லும் சமாதானம் வேறு. நடக்காத புரட்சிக்கு விடுக்கும் அழைப்பு வேறு. தேதி நகர்ந்ததும் நூலின் சுருதியே மாறிவிட்டது.

அடுத்தது, எதிர்த்தரப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. எதிர்த்தரப்பின் நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, ஒரு அத்தியாயம் போதும். அமெரிக்க அரசியலமைப்பை நியூயார்க் மாநிலம் ஏற்க வேண்டும் என்று 1787-88-ல் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே. அதில் 10-வது கட்டுரை, பரந்த குடியரசில்தான் கோஷ்டிகள் அடங்கி நிற்கும் என்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் வந்த முதல் கட்டுரையோ, அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் குடியரசு நிலைக்காது என்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒன்றை மட்டும் படித்தால், அது தேர்தல் நேரத்து எழுத்து என்பதே உறைக்காது.

வாசிக்கும்போது ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நூலில் வரும் ஒவ்வொரு பதவிக்கும் நான்கு கேள்விகள்: நியமிப்பது யார்? நீக்குவது யார்? பணம் ஒதுக்குவது யார்? தடுக்கக்கூடியவர் யார்? ஏட்டில் இருப்பதை நீல மையிலும், நடப்பில் இருந்ததைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். நீலத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்துவது வழக்கமான பிழை. வைமார் ஜெர்மனியை, அதாவது முதல் உலகப் போருக்குப் பின் ஹிட்லர் வரும்வரை இருந்த ஜெர்மன் குடியரசை, எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 48-வது பிரிவின்படி அதிபர் அவசர ஆணை போடலாம். நாடாளுமன்றம் கேட்டால் அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். கட்டத்தில் ‘தடுப்பவர்: நாடாளுமன்றம்’ என்று எழுதுவோம். ஆனால் 25-வது பிரிவு அந்த நாடாளுமன்றத்தையே கலைக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தருகிறது. 1930 ஜூலையில் நாடாளுமன்றம் ஆணையை ரத்து செய்தது. அதிபர் ஹிண்டன்பர்க் அதைக் கலைத்தார், ஆணை மறுபடியும் பிறந்தது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் நாஜிகளின் இடங்கள் 12-லிருந்து 107 ஆயின. நீல மையும் சிவப்பு மையும் மோதும் இப்படியான இடத்தில் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் படியுங்கள்.

சட்ட நூல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் சட்டம் கெட்டுப்போகும் சரக்கு. எந்தப் பிரிவு மேற்கோளாக வந்தாலும், இன்று நடைமுறையில் உள்ள வாசகத்தோடு ஒப்பிடாமல் நம்பக்கூடாது. இந்திய அரசியலமைப்பின் 352-வது பிரிவு ஓர் உதாரணம். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தைக் காட்டி. 1978-ல் இயற்றிய 44-வது திருத்தம் அதை எடுத்துவிட்டு ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்று வைத்தது. 20, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர், தனிமனித சுதந்திரம்) நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றும் ஆக்கியது. அதற்கு முன் அச்சான பாடநூல் அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தவறு.

தீர்ப்புகளும் அப்படியே. ஒரு நூல் தீர்ப்பைக் காட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை நீதிபதிகள், எத்தனைக்கு எத்தனை, மாறுபட்டவர் யார், பின்னால் யாராவது அதைத் தள்ளினார்களா? நெருக்கடி நிலையில் தடுப்புக்காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஏ.டி.எம். (கூடுதல் மாவட்ட நடுவர்) ஜபல்பூர் வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 4-க்கு 1. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976 தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மாறுபட்ட தீர்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள். பல சமயம் அதில்தான் வாதம் தெளிவாக இருக்கும். இன்னொன்று: வழக்கை முடிக்கத் தேவையான காரணத்தையும், நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்தையும் ஒன்றாக்கிவிடும் நூலாசிரியர்கள் உண்டு. மூலத் தீர்ப்பைத் திறந்து அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டால் இது பிடிபடும்.

போர், மோதல் பற்றிய நூல்களில் எண்ணிக்கை வரும் இடமெல்லாம் வரையறையைத் தேடுங்கள். உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பில் ஓர் ஆண்டில் 25 பேர் சண்டையில் இறந்தால் அது ஆயுத மோதல். 1,000 பேர் இறந்தால் போர். ‘மோதல்கள் கூடிவிட்டன’ என்று ஒருவரும் ‘போர்கள் குறைந்துவிட்டன’ என்று இன்னொருவரும் அதே தரவை வைத்துச் சொல்லலாம், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். பஞ்சத்திலும் நோயிலும் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஜனநாயக அளவீடுகளும் ஒரே கோலால் அளப்பதில்லை. ஃபிரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு 100 மதிப்பெண்ணில் 40-ஐ அரசியல் உரிமைகளுக்கும் 60-ஐக் குடிமை உரிமைகளுக்கும் தருகிறது. பாலிட்டி அளவுகோல் −10 முதல் +10 வரை போகிறது, அது பார்ப்பது பெரும்பாலும் ஆட்சியின் அமைப்பை. இரண்டு அளவீடுகளின் எண்களை ஒரே பட்டியலில் கலந்து வைக்கும் அத்தியாயத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஓரக்குறிப்புக்கு மூன்று அடையாளம் போதும்: நடந்தது (ந), ஏன் நடந்தது என்ற விளக்கம் (வி), என்ன செய்யவேண்டும் என்ற யோசனை (யோ). ஒரு அத்தியாயம் முழுக்க ‘வி’யும் ‘யோ’வுமாக இருந்து ‘ந’ இல்லையென்றால் அடிக்குறிப்புகளைப் புரட்டுங்கள். ஆசிரியர் தன் பழைய நூல்களையே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாரா, ஆவணங்களைக் காட்டுகிறாரா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தலைவர்களின் தன்வரலாறுகளை மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். சொல்லடைவில் அவருடைய ஆட்சியில் நடந்த பெரிய கலவரம், தோற்ற தேர்தல், பதவி விலகிய அமைச்சர் ஆகிய மூன்றையும் தேடுங்கள். எதற்கு எத்தனை பக்கம் என்று எண்ணிவிட்டு, எது விடுபட்டதோ அதற்கு வேறு புத்தகம் எடுங்கள்.