மாமனாரோடு பாதாள நதிக்கு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு லீவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு பாலி, புக்கெட் என்பார்கள். என் மாமனார் மட்டும், "பூமிக்குள்ளேயே ஓடி நேரா கடல்ல விழுற ஆறு ஒண்ணு இருக்காமே, அதைப் பார்க்கணும்" என்றார். பொதுப்பணித்துறையில் 35 வருடம், அதில் பாதி வைகை அணையில். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் ஒரு ஜனவரியில் பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக்கு, புவேர்ட்டோ பிரின்செசா பாதாள நதியைப் பார்க்கக் கிளம்பினோம். முழங்கால் வலிக்காரரான 71 வயது மனிதரை உள்ளே கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பியவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆற்றின் நீளம் 8.2 கிலோமீட்டர். அதில் படகு போகக்கூடியது 4.3. சாதாரண டூரில் நம்மைக் கூட்டிப்போவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரைதான்; போன வழியிலேயே திரும்ப வேண்டும். மொத்தம் முக்கால் மணி நேரம். இதற்காக ஒரு முழு நாள் போய்விடும். இது தெரியாமல் வந்து "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தவர்களை எங்கள் வேனிலேயே பார்த்தேன்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், குற்றாலத்தில் சீசன் இல்லாத மாதம் என்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் அருவியைக் கொட்ட வைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. குகை வாய் தீவின் மேற்குக் கரையில் இருப்பதால் அலை நேரே வந்து மோதும். கடல் கொந்தளித்தால் படகை விடமாட்டார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் தொல்லையில்லை. எப்படியானாலும் பாதாள நதியைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். போன மறுநாளே வைத்துக்கொண்டால், ஒருநாள் ரத்தானாலும் அடுத்த நாள் கையில் இருக்கும்.

அடுத்தது அனுமதிச் சீட்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. நாமே வாங்கலாம் என்றாலும், வேன், சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்யும் ஆட்களிடம் விட்டுவிடுவதுதான் சுலபம். ஆனால் பெயர் விஷயத்தில் நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். நம் இனிஷியல் அவர்களுக்குப் புரியாது. மாமனாரின் பெயரை இனிஷியலோடு வாட்சப்பில் அனுப்பியிருந்தேன். பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பா பெயர் முழுசாக, குடும்பப் பெயர் மாதிரி நிற்கிறது. சீட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. ஏற்பாடு செய்தவர் போன் எடுக்கவில்லை. படகுத்துறை கவுண்டரில் 40 நிமிடம் நின்றோம். "ரிட்டயர் ஆன பிறகும் என்னை ஃபைலுக்கு அலைய விடுறாங்களே" என்று மாமா சிரித்தார்; எனக்குத்தான் வியர்த்தது. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் அப்படியே அனுப்புங்கள்.

புவேர்ட்டோ பிரின்செசா நகரத்திலிருந்து, படகு ஏறுகிற சபாங் கிராமம் சுமார் 80 கிலோமீட்டர், வேனில் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதியில் ரோடு வளைந்து வளைந்து போகும். எனக்கு இஞ்சி மொரப்பா கைகொடுத்தது. சபாங்கில் மதியச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் மீனும் பன்றியும்தான் அதிகம். சைவம் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவையுங்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். சாப்பிடுவதை சபாங்கிலேயே முடித்துவிடுங்கள். குகைப் பக்கத்துக் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், பழனி படிக்கட்டுக் குரங்குகள் தோற்றுவிடும். கீழே உடும்பு வேறு சாவகாசமாக நடந்து போகும்.

சபாங்கிலிருந்து பங்கா என்கிற மோட்டார் படகு. ஒல்லியான உடம்பு, கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கிலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். 20 நிமிடத்துக்குள் குகைப் பக்கத்துக் கடற்கரை வந்துவிடும். இறங்கும்போது முழங்கால் அளவு தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்கலாம். அதனால் ஷூ வேண்டாம், பின்வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். வயதானவர்களை அவசரப்படுத்தாதீர்கள். அலை ஒன்று வந்து தணியும் வரை காத்திருந்து, படகோட்டி தோளைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். மாமா அப்படித்தான் இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

அங்கிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு குடா. அதன் மூலையில் பாறைக்கடியில் கறுப்பாக ஒரு வாய். அதுதான் ஆறு கடலுக்கு வருகிற இடம். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், காதில் மாட்ட ஆடியோ கருவி தருவார்கள். ஹெல்மெட் பலர் தலை ஏறி வந்தது. உள்ளே கட்டிக்கொள்ள ஒரு பருத்திக் கைக்குட்டை கொண்டுபோங்கள்.

எங்கள் முறை வரும் வரை நின்றிருந்தபோது, மாமா குனிந்து விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துவிட்டார்.

"மாமா! வௌவால் எச்சம் கலந்த தண்ணி!"

"உப்புக் கரிக்குதும்மா. கடல் உள்ளே ஏறுது."

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஆனால் அவர் சொன்னது சரி. இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் குகைக்குள்ளேயே நடக்கிறது. மலையில் தொடங்கி கடல் வரை இந்த அமைப்பு முழுசாக இருப்பதால்தான் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

உள்ளே போகும் படகுக்கு மோட்டார் கிடையாது, துடுப்புதான். எடை பார்த்து உட்கார வைப்பார்கள். கேட்க முடிந்தால் முன் பலகையைக் கேளுங்கள், எதிரே யார் தலையும் மறைக்காது. வாய் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே வெளிச்சம் போய், படகோட்டியின் நெற்றி விளக்கு மட்டும் மிஞ்சும். அப்புறம் அந்த வாடை. மதுரைக்காரிக்கு அது புதிதில்லை, பழைய கோயில் மண்டபத்து வௌவால் வாடை. அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். மேலிருந்து சொட்டுவதெல்லாம் தண்ணீர் இல்லை.

பேசாதீர்கள் என்று சொல்வார்கள், மதியுங்கள். பேசாமல் இருந்தால்தான் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வௌவால் என்று நினைத்தேன். அது உழவாரன் குருவி. இருட்டில் அந்தச் சத்தத்தின் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடித்துப் பறக்கிறது. பகலில் குருவிகள் வெளியே இரை தேட, வௌவால்கள் உள்ளே தொங்கும். பொழுது சாய்ந்தால் மில் சங்கு ஊதியது போல ஷிப்ட் மாறும்.

ஆடியோவில் சுண்ணாம்பு விழுதுகளுக்கெல்லாம் பெயர் சொல்வார்கள்: காய்கறி, காளான், தேவாலயம், திருக்குடும்பம். மாமா பாதியிலேயே கருவியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, விளக்கு போகிற பக்கமெல்லாம் பாறையில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் கழற்றினேன், அதற்குப் பிறகுதான் துடுப்பின் சத்தம் கேட்டது. போட்டோ எடுக்க மெனக்கெடாதீர்கள். நான் எடுத்த 60 படத்தில் தேறியவை இரண்டு, அதிலும் ஒன்று முன்னால் இருந்தவரின் ஹெல்மெட்.

இந்தக் குகைச் சுவரில் சுமார் 2 கோடி ஆண்டு பழைய கடற்பசு ஒன்றின் எலும்புகள் பாறையாகிப் பதிந்திருக்கின்றன. நாங்கள் பார்க்கவில்லை. திரும்பும் பங்காவில் இதை மாமாவிடம் சொன்னபோது, "நம்ம ஆவுளியா சாதிதானே?" என்றார். பாக் நீரிணையில் மீனவர்கள் சொல்கிற பெயர் அது. 2022இல் தமிழ்நாடு அரசு அதற்கென்றே காப்பகம் அறிவித்ததைப் பேப்பரில் படித்து வைத்திருந்தார்.

மாற்றுத் துணியை வேனிலேயே விட்டுவைத்திருங்கள், ஈரத்தோடு இரண்டு மணி நேரம் ஏசியில் உட்கார முடியாது. வேன் கிளம்பியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாமா சட்டைப் பையிலிருந்து குட்டி டைரியை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். கீழே: 'முகத்துவாரத்தில் உப்பு உண்டு. உள்ளே பரிசோதிக்க மருமகள் அனுமதிக்கவில்லை.'