புதிய கூட்டுரிமை வீட்டில் வாடகைக்குக் குடியேறுவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் அண்மையில் கட்டி முடிக்கப்பட்ட கூட்டுரிமை வீட்டை (கொண்டோமினியம்) வாடகைக்கு எடுப்போர், புது வீட்டில் என்ன பழுது இருக்கப்போகிறது என்று எண்ணிச் சாவியை வாங்கிவிடக் கூடாது. வீடு உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து பொதுவாக 12 மாதங்களுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறைகளை, வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டு நிறுவனமே சரிசெய்து தரவேண்டும். ஆனால் அந்த உரிமை உரிமையாளருக்கே உரியது என்பதால், நீங்கள் அவருக்கு உடனே எழுத்தில் தெரிவிப்பது மிக முக்கியம். குடியேறும் நாளிலேயே தரை ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுந்தால் அடியில் காரை சரியாக நிரம்பாமல் இருக்கலாம். குளியலறையில் தண்ணீர் தேங்குகிறதா, குளிரூட்டியிலிருந்து நீர் சொட்டுகிறதா, சன்னல்கள் முழுமையாகச் சாத்துகின்றனவா என்றும் பார்த்து, தேதியுடன் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிறு பழுதுகளின் செலவில் ஒரு பகுதியை வாடகைதாரர் ஏற்கவேண்டும் என்ற விதி ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். கட்டுமானக் குறைகள் அதில் அடங்கா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் 3 மாதம். நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்திற்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி உண்டு. மாதம் 3,500 வெள்ளி வீதம் ஈராண்டுக்கு அது 336 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாள்களுக்குள் செலுத்தவேண்டும்.