வண்டைப் பார்க்கும் முன் மணியைப் பாருங்கள்

அரிசி டப்பாவில் ஒரு வண்டு ஊர்ந்தால் அதை எடுத்தெறிந்துவிட்டு உலை வைப்பது பல வீடுகளின் வழக்கம். அந்த வண்டோ அன்று வந்ததன்று. அரிசிக் கூன்வண்டின் பெட்டை, மணியில் நுண்துளையிட்டு, முட்டை வைத்து, பசை போன்ற சுரப்பால் துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் வண்டாக வெளிவருகிறது. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமும் குறையாத சிங்கப்பூரில் அதற்கு எல்லா மாதமும் நல்ல மாதமே.

ஆகவே ஒரு பிடி அரிசியைத் தட்டில் பரப்பி, துளைபட்ட மணிகளும் மாவுத்தூளும் உள்ளனவா என்று பாருங்கள். நீரிலிட்டால் உளுத்தவை மிதக்கும். மணிகள் இழையால் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. பாசிப்பயற்றின் தோலில் ஒட்டியிருக்கும் வெண்புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள்.

இழப்பு எடையோடு நிற்பதில்லை. கழிவால் யூரிக் அமிலம் சேர்கிறது. பூச்சிகள் விடும் மூச்சால் குவியலில் ஈரமும் சூடும் ஏறிப் பூஞ்சைக்கு இடமாகிறது. கொழுப்பு சிதைந்து சிக்குவாடை அடிக்கிறது. கோதுமை மாவில் செவ்வண்டு பெருகினால், அது சுரக்கும் குவினோன்கள் என்னும் வேதிப்பொருள்களால் மாவு இளஞ்சிவப்பேறிக் காட்டமாக நாறும். சலித்தாலும் அந்த நெடி போகாது, தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம் அரிசியை வெயிலில் வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை: வண்டுகள் ஓடும், உள்ளிருக்கும் புழுக்கள் தங்கும், மணியும் வெடிக்கும். அதைவிட, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கி வந்த பொன்னி அரிசியையும் பருப்பையும் ஒரு கிலோப் பைகளாகக் கட்டி, சுழியத்துக்குக் கீழ் 18 டிகிரியிலுள்ள உறைபெட்டியில் குறைந்தது 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் சேர்த்தே மடியும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் தணியுமுன் திறந்தால் காற்றின் ஈரம் மணியில் படியும்.

பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். பழைய அரிசியின் மேல் புதியதைப் போடாமல், டப்பாவைக் கழுவி, உலர்த்தி, மூடியின் விளிம்பிலுள்ள தூளையும் துடைத்துவிடுங்கள். ஒரு வண்டு பிழைத்திருக்க அந்தத் தூளே போதும்.