இரண்டே பேர், இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு சூனியக்காரி

சூனியக்காரி யார் என்று கண்டுபிடிக்கும் சீட்டாட்டங்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கானவை. சேலம் 1692 என்ற ஆட்டத்துக்கே குறைந்தது நான்கு பேர் வேண்டும். வீட்டில் இரண்டே பேர் என்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் எதிரி, அதில் மர்மம் ஏது? ஆனால் மேஜையில் எந்தச் சீட்டு அவர் என்பது தெரியாதே, அதைத் தேடலாம். நுவார் என்ற ஆட்டம் 5-க்கு 5 கட்டத்தில் இதைத்தான் செய்கிறது. அதைச் சுருக்கி நாங்கள் வீட்டில் ஆடும் விதம் இது.

ரம்மிக்காக வாங்கிய இரண்டு கட்டு போதும். ஒவ்வொன்றிலிருந்தும் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என 16 சீட்டு எடுங்கள். முதல் 16ஐக் கலைத்து, முகம் தெரிய, 4-க்கு 4 கட்டமாகப் பரப்பினால் அதுதான் ஊர். இரண்டாவது 16ஐக் கலைத்து ஆளுக்கொன்று எடுத்து ரகசியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் அந்தச் சீட்டுதான் நீங்கள். மீதி 14 கவிழ்த்த குவியலாக இருக்கட்டும். ஒருவர் சூனியக்காரி, மற்றவர் நீதிபதி.

சூனியக்காரி தன் முறையில், தன்னைத் தொட்டிருக்கும் (குறுக்காகவும்தான்) ஒருவரைக் கொன்று கவிழ்க்கலாம், அல்லது ஒரு வரிசையையோ நெடுக்கையோ ஓர் இடம் தள்ளலாம்; வெளியே விழும் சீட்டு மறுமுனைக்கு வரும். தொடர்ந்து இரண்டு முறை கொல்லாமல் இருக்கக் கூடாது, பக்கத்தில் உயிரோடு யாருமே இல்லாவிட்டால் மட்டும் விதிவிலக்கு. நீதிபதியும் வரிசையைத் தள்ளலாம், ஆனால் எதிராளி தள்ளியதை உடனே அப்படியே திருப்பக் கூடாது, இது இருவருக்கும். இல்லையென்றால் குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தான் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளலாம், அந்த ஆள் நிரபராதி. அல்லது தன் பக்கத்திலிருக்கும் ஒருவரைக் கைகாட்டலாம். சரியாக இருந்தால் ஜெயம், தப்பானால் அந்த அப்பாவிக்குத் தூக்கு. மொத்தம் ஏழு பேர் விழுந்தாலோ, நீதிபதியின் சீட்டே கொல்லப்பட்டாலோ சூனியக்காரிக்கு வெற்றி.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கொலையும் ஒரு வாக்குமூலம். மூலைச் சீட்டைக் கொன்றால் பக்கத்தில் இருப்பவர்கள் மூன்றே பேர், அவர்களில் ஒருவர்தான் நீங்கள். ஓரத்துச் சீட்டு என்றால் ஐந்து, நடுச் சீட்டு என்றால் எட்டு. முதல் ஆட்டத்திலேயே நான் மூலையிலிருந்த கிளாவர் ஜாக்கியைக் கொன்றேன். தங்கை ஒன்றும் பேசாமல் ஒரு வரிசையைத் தள்ளி என் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த முறையே என்னைக் கைகாட்டிவிட்டாள். அதனால் நடுவில் கொல்லுங்கள்.

நீதிபதி பேப்பர் பேனா வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் வரிசையில் இரண்டாவது ஆள் செத்தால் சந்தேகம் எட்டு பேர் மேல். அடுத்து அதே வரிசையில் நான்காவது ஆளும் செத்தால், இருவரையும் தொட்டிருப்பவர்கள் மூன்றாம் நெடுக்கில் மேலிருந்து மூன்று பேர் மட்டுமே. ஒரு நிரபராதிச் சீட்டு ஒத்து வந்தால் இரண்டு. ஆனால் இடத்தை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள், வரிசை தள்ளப்பட்டதும் இடமெல்லாம் மாறிவிடும். இன்னொன்று, கைகாட்டும் விரல் உங்களையும் காட்டிக்கொடுக்கும்: அந்த ஆளின் பக்கத்தில்தான் நீதிபதி இருக்கிறார் என்பது சூனியக்காரிக்குப் புரிந்துவிடும்.

நிஜ சேலத்தில் (நம் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் உள்ளது), 1692-ல், சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் ஐந்து பேர் ஆண்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான டிட்யூபா என்ற அடிமைப் பெண் போல "ஆமாம், நான்தான்" என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள்தான் தொங்கினார்கள். அதை வைத்து நாங்கள் சேர்த்த விதி: சூனியக்காரி ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, கொலைக்குப் பதிலாகத் தன் சீட்டைக் காட்டி ஒப்புக்கொள்ளலாம். அந்த ஆளைக் கவிழ்த்துவிட்டு (ஏழில் இது சேராது) குவியலிலிருந்து புதுச் சீட்டு எடுப்பார். செத்தவர் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். சந்தேகம் இரண்டு பேருக்குச் சுருங்கும்வரை இதைத் தொடாதீர்கள்.